ஒரு வரித் திருத்தமும் நாலாயிரம் வரிகளும்

மார்ச் 8, சனிக்கிழமை. காலையில் தூறல், நண்பகலுக்குப் பின் வெளிறிய வெயில்.

1

இக்கதை ஒரு சட்டையின் இடக்கையிலிருந்து பிறந்தது என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் கணினி நிரல் எழுதக் கற்ற தையற்காரி ஒருத்தி, துணி வெட்டுவதற்கான வடிவங்களை வரைந்து தரும் திறமூல மென்பொருள்* ஒன்றைப் பயன்படுத்தி வந்தாள். அவளுடைய வாடிக்கையாளரான ஓட்டுநருக்கு இடக்கை இரண்டு அங்குலம் குட்டை. மென்பொருளோ வலக்கை அளவையே இரு கைகளுக்கும் இட்டது. சட்டையை மூன்று முறை பிரித்த பின்னர், பிழை ஒரே வரியில் இருப்பதை அவளே கண்டுபிடித்துத் திருத்தினாள்.

(* எவரும் பார்க்கலாம், எவரும் திருத்தம் அனுப்பலாம், ஏற்பது பராமரிப்பவரின் பொறுப்பு.)

[கைவிட்ட வாக்கியம்: அவள் விரல்கள் விசைப்பலகையில் நடனமா— இல்லை. இரண்டு விரல்களால்தான் தட்டினாள்.]

2

அவள் அனுப்பிய திருத்தத்திற்குப் பராமரிப்பவரின் பதில் மூன்று மணிக்கு வந்தது. அடுத்த தையல் இயந்திரத்திலிருந்து எழுந்து வந்த நாத்தனார் அதை உரக்கப் படித்தாள்.

"'திருத்தம் சரி. ஆனா நாலாயிரம் வரி மாறியிருக்கே, உங்க வரிய எங்க தேடுறது? அத மட்டும் அனுப்புங்க. அஞ்சு மணிக்குப் புதுப் பதிப்பு வெளியாகுது.' என்ன அண்ணி பண்ணித் தொலைச்சீங்க?"

"நிரல்ல வரிங்களோட ஓரமெல்லாம் கோணலா இருந்துச்சு. ஒரு விசைய அழுத்தினா எல்லாம் நேராயிடும்னு போட்டிருந்துச்சு. அழுத்தினேன்."

"பட்டன் தைக்கச் சொன்னா சட்டையையே பிரிச்சுத் தைக்கிற கையாச்சே!"

தையற்காரியின் முகம் சுண்டிப்போயிற்று. "விடுடி. நம்ம கம்ப்யூட்டர்ல சரியாயிடுச்சுல்ல, போதும்."

"அப்ப மத்த குட்டைக் கையெல்லாம் சட்டைய மடிச்சு விட்டுக்கணுமா?"

3

நாத்தனாரை இவ்வளவு வாயாடியாக எழுதலாமா என ஐயுற்று, அவளை மென்மையாக்கிப் பார்த்தேன். தையற்காரி எதையும் திரும்ப அனுப்பாமலே நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டாள். ஆகவே நாத்தனார் பழையபடியே இருக்கிறாள்.

தையற்காரி பழைய கோப்பைப் புதிதாகத் திறந்து, தன் ஒரு வரியை மட்டும் இட்டாள். அதற்கு மேல்வரி மூன்று இடைவெளி துருத்திக்கொண்டு நின்றது. கை குறுகுறுத்தது.

"தொடாதீங்க அண்ணி."

"தொடல."

"பார்க்கவும் வேணாம்."

4

அவ்வரி புதிய பதிப்பில் சேர்ந்தது என முடிக்கலாம்; பராமரிப்பவர் அதற்குள் எழுந்து போயிருந்தார் எனவும் முடிக்கலாம். இரண்டையும் எழுதினேன், இரண்டுமே ஓரத்தை நேராக்கும் வேலையாய் இருந்ததால் பிரித்துவிட்டேன். வாசகரே, பிசிறு தெரிகிறது. கை குறுகுறுத்தால் நீங்களே மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவே: துருத்திய வரியை அப்படியே விட்டு அவள் அனுப்பியபோது மணி நான்கு நாற்பத்தேழு.