ஏற்கெனவே இருந்தது

அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரு பிரவுசர் செய்தார்கள். டயர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் ஆபீஸ். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். நிரல் எழுதுவது அண்ணன் வேலை. அதை ஊர்க்காரர்கள் போனில் ஏற்ற வைப்பது தங்கையின் வேலை. போன் கடை கடையாக ஏறி இறங்கினாள்.

பிரவுசரைக் குறை சொல்ல முடியாது. பழைய போனிலும் திணறாமல் ஓடும். விளம்பரங்களை வாசலோடு நிறுத்திவிடும். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் பக்கம் கலையாது. ஆனால் போட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே.

"நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் ஒரு கடைக்காரர். "ஆனா போன் வாங்கும்போதே அதுல ஒண்ணு வந்துடுதே. சாப்பிட்டு ஏப்பம் விடறவன்கிட்ட போய் பசிக்குதான்னு கேக்கறியே."

அப்போதுதான் போன் கம்பெனிகள் மேல் யாரோ போட்டிருந்த வழக்கில் கோர்ட் தீர்ப்பு வந்தது. புதுப் போனை முதன்முதலில் திறக்கும்போதே எந்தப் பிரவுசர் வேண்டும் என்று வாங்கியவரைக் கேட்டாக வேண்டும். கேட்கும் பட்டியலில் இவர்கள் பெயரும் இருந்தது. எதற்கும் அசையாத அண்ணன் எழுந்து குதித்த குதியில், டயர் கடைக்காரர் கீழேயிருந்து கம்பால் கூரையைத் தட்டினார்.

"கொஞ்சம் பொறுண்ணா," என்றாள் தங்கை. "சாமி வரம் குடுத்திருக்கு. பூசாரி என்ன பண்றான்னு பாப்போம்."

போன் கம்பெனி என்ற பூசாரி தன் வேலையைச் செய்தான். கைரேகை, பாஸ்வேர்டு என்று வரிசையாகக் கேட்கும் கேள்விகளுக்கு நடுவே அந்தக் கேள்வியும் வந்தது. இவர்கள் பெயர் அடியில் கிடந்தது; விரலால் தள்ளிக்கொண்டே போனால்தான் கண்ணில் படும். 'இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும்' என்ற பட்டன் மட்டும் பளிச்சென்று மின்னியது. தங்கை ஒரு கடையில் நின்று பார்த்தாள். போன் வாங்கியவருக்கு அந்த வேலைகூட இல்லை. விற்பனையாளரே கட்டைவிரலால் அந்தப் பட்டனைத் தட்டித் தட்டிப் போனைத் தயார் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கேக்கலாமே அவங்கள?" என்றாள்.

"கேட்டா, எது நல்லதுன்னு திருப்பி என்னக் கேப்பாங்க. அவங்களே அவசரத்துல நிக்கறாங்க, விடும்மா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது பார்வை மங்கிவிட்டது. அவர் போனில் தங்கள் பிரவுசரை அவளே போட்டுக் கொடுத்திருந்தாள்.

"வாம்மா! உங்க சாமான் இப்ப பறக்குது," என்றார். "போன வாரம் போன் என்னவோ அப்டேட்டுன்னு கேட்டுச்சு, சரின்னு அமுக்குனேன். அதுலேருந்து ஒரே வேகம். பிள்ளைங்க பெருசா ஏதோ பண்ணிட்டாங்கன்னு எதிர்வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னேன்."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். அப்டேட் எல்லாவற்றையும் பழையபடி மாற்றியிருந்தது. திறந்திருந்தது போனோடு வந்த பிரவுசர். செய்தியின் நடுவே ஒரு சோப்பு விளம்பரம் ஆடிக்கொண்டிருந்தது. மாற்றிவிட விரலைக் கொண்டுபோனவள், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"ஆமாப்பா," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் அண்ணனிடம் சொன்னாள்.

"மாத்திட்டு வந்தியா இல்லையா?"

"இல்ல. மாத்தினா அடுத்த அப்டேட்ல திரும்பப் போயிடும். அப்பாவுக்கு வாராவாரம் போய் மாத்தலாம். மத்தவங்க வீட்டுக்கெல்லாம் யாருண்ணா போறது?"

அண்ணன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் பேச்சே குறைந்துவிட்டது.

அந்த வருடக் கடைசியில் பிரவுசரில் பாதுகாப்பு ஓட்டைகள் தெரிய ஆரம்பித்தன. ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறந்தது. பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே ஒரு பட்டாளம் உண்டு. இங்கே இரண்டே பேர். அப்படியே விட்டால், நம்பி வைத்திருக்கும் கொஞ்சம் பேருக்கும் ஆபத்து. அதனால் கடைசியாக ஒரு பதிப்பை அனுப்பினார்கள். அதைத் திறந்ததும் ஒரே செய்திதான்: 'இனி இதைப் பயன்படுத்த வேண்டாம். உங்கள் போனோடு வந்த பிரவுசருக்கு மாறிக்கொள்ளுங்கள்.' கீழே, மாறுவதற்கு ஒரு பட்டன். அது யார் போனிலும் பிசகிவிடக் கூடாது என்று அண்ணன் காலையெல்லாம் உட்கார்ந்து சோதித்தான்.

ஒரு தையல்காரம்மா போன் செய்தார்.

"என்னம்மா, வேண்டாம்னு போட்டிருக்கு? அப்ப நான் எந்தப் பிரவுசருக்கு மாறணும்?"

"உங்க போன்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கும்மா. அதான்."

"அதா? அது வேண்டாம்னுதானே உங்களத் தேடிப் பிடிச்சேன்? வேற எதுவும் இல்லியா?"

"இருக்கும்மா. ஆனா அதெல்லாம் எத்தன நாளைக்குன்னு எனக்குத் தெரியல."

அந்தப் பக்கம் தையல் மெஷின் கொஞ்சம் ஓடி நின்றது. தங்கை காதிலிருந்து போனை எடுக்காமல் காத்திருந்தாள்.

"சரி," என்றார் தையல்காரம்மா. "எங்க அமுக்கணும், சொல்லு."

தங்கை சொன்னாள். அறையின் மறுபக்கத்தில் அண்ணன் கம்ப்யூட்டர் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தான்.