உங்கை வெயிலோ?

தோள்பையைக் கூடக் கழற்றாமல் கட்டிலின் மேல் குனிந்து, "அப்பா, நான் வந்திட்டன்," என்று சுபாங்கி மறுபடியும் சொன்னாள்.

சண்முகலிங்கத்தின் கண்கள் பாதி திறந்திருந்தன. அவை அவளைத் தாண்டி எங்கோ பார்த்தன.

"உங்கை வெயிலோ, பிள்ளை?"

"முந்தநாள் தொடங்கி உதைத்தான் கேக்கிறார்," என்றாள் அம்மா யோகராணி. அவள் கால்மாட்டில் நாற்காலியைப் போட்டு, அவருடைய பாதங்களைப் பிடித்தபடி இருந்தாள். வைத்தியசாலை ஜன்னலுக்கு வெளியே கனடாவின், ஸ்காபரோவின் மேகம் மூடிய ஏப்ரல். வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் கடைசிப் பனிக்குவியல் கறுத்துக் கிடந்தது.

அப்பாவின் தங்கை அருள்நாயகி மாமி கஞ்சிப் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "அண்ணைக்கு நீ வந்தது தெரியேல்லை. தெரியாமலே போகப்போறார். தேப்பன் சாகக்கிடக்க, பெட்டாவிலை சீலை எடுத்துக்கொண்டு திரிஞ்சால் வேறை என்ன நடக்கும்?"

"பெட்டா இல்லை மாமி, பெட்ரா. கொழும்பிலை இல்லை, ஜோர்தானிலை."

"எல்லாம் ஒண்டுதான். குண்டு வெடிக்கிற ஊரிலை உவளுக்கென்ன வேலையெண்டு மல்வேர்னிலை இருக்கிற எங்கடை சனம் முழுக்கக் கேக்குதுகள்."

"மல்வேர்னுக்கு ஆர் சொன்னது?"

மாமி பிளாஸ்கின் மூடியை இறுக்கித் திருகினாள். அம்மாவின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது.

அப்பா முன்பு கப்பலில் வேலை செய்தவர். ஒருமுறை அக்காபா துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, மலையைக் குடைந்து செய்த பெட்ரா என்ற பழைய நகரம் ஒன்று பாலைவனத்தில் இருக்கிறது என்று கப்டன் ஆட்களில் பாதிப்பேரை பஸ்ஸில் அனுப்பினார். மற்றப் பாதிக்கு மறுநாள். ஆனால் சாமான் இறக்குவது வேளைக்கே முடிந்து, விடியக் கப்பல் வெளிக்கிட்டுவிட்டது. அப்பா மற்றப் பாதியில் இருந்தவர். போய் வந்தவர்கள் பெருமை அடித்திருந்தால் மறந்திருப்பார். அவர்கள் அன்றிரவு ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார்களாம். அதுதான் அவரை விடவில்லை.

வைத்தியர் கையை விரித்ததும் சுபாங்கி பயணத்தை நிற்பாட்டப் பார்த்தாள். அப்பாதான் ஏசினார். "நான் சாகிறதைப் பாக்க ஆள் கூடிப்போச்சு. நீ போ. பாத்துச் சொல்லு."

போனாள். பார்த்தாள். அன்று பின்னேரமே விடுதிக்கு முன்னால் இருந்த தொலைபேசியில் அழைத்தாள். "உங்கை வெயிலோ?" என்று அவர் கேட்டார். அவள் வாயைத் திறக்கமுன் கார்ட் முடிந்து இணைப்பு அறுந்தது. அடுத்த நாள் எடுத்தபோது அம்மா பேசினாள். "உடனை வெளிக்கிட்டு வா."

விமானத்தில் அவள் ஒன்றை மட்டும்தான் வேண்டிக்கொண்டு வந்தாள். நான் திரும்பி வந்தது அவருக்குத் தெரியவேண்டும்.

இங்கை என்றால் சொல்பவர் இருக்கும் இடம். உங்கை என்றால் கேட்பவர் இருக்கும் இடம். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவரோ இன்னும் அந்தத் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறார்.

சுபாங்கி பையைக் கழற்றி நிலத்தில் வைத்தாள்.

"ஓம் அப்பா. இங்கை நல்ல வெயில்."

"எடியே, உதென்ன விசர்க்கதை? இங்கை எங்கையடி வெயில்?" என்றாள் மாமி.

"சும்மா இருங்கோ மச்சாள்," என்றாள் அம்மா.

"நிழல்?" என்று கேட்டார் அப்பா.

"உள்ளுக்கை போனால் நிழல். மலை ரெண்டாப் பிளந்து ஒழுங்கை மாதிரிப் போகுது. துறைமுகத்திலை கீழை நிண்டு கப்பலை அண்ணாந்து பாத்தால் எப்பிடி? சுவர் அப்பிடி நிக்குது."

அவர் மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டார். "நிறம்?"

"ரோசாப்பூ நிறமெண்டு எழுதி வைச்சிருக்கினம். பொய் அப்பா. அவிச்ச றால் நிறம்."

அவருடைய நெஞ்சில் ஏதோ கரகரத்தது. இருமல் என்று மாமி பதறி எழுந்தாள்.

"இருமலில்லை, சிரிக்கிறார்," என்றாள் அம்மா.

சுபாங்கி அவரை மெல்ல நடத்திக்கொண்டு போனாள். படமெடுத்த பிலிம் சுருள் இன்னும் கழுவப்படாமல் பையில் கிடந்தது. சொல்லுவதைத் தவிர வழியில்லை. சுவரோரமாக ஓடும் தண்ணீர் வாய்க்காலைச் சொன்னாள். கல்வெடிப்பில் முளைத்த அத்திமரத்தை, குதிரைச் சாணத்தின் மணத்தை, ஒவ்வொரு வளைவிலும் இதுதான் கடைசி என்று நினைத்து ஏமாந்ததைச் சொன்னாள்.

"இப்ப முன்னுக்கு ஒரு கீறல் மாதிரி வெளிச்சம் தெரியுது. அதுக்குள்ளாலை தூண். மலையிலையே வெட்டின தூண், அப்பா. ஒரு கல்லும் வைச்சுக் கட்டேல்லை."

அவர் கண்களை மூடினார். மாமி மெல்லத் திரும்ப உட்கார்ந்தாள்.

"இங்கை... காத்து வருது," என்றார்.

இங்கை. சுபாங்கி கம்பியை இறுகப் பிடித்தாள்.

"பிள்ளை, நீ வந்திட்டியோ?"

"வந்திட்டன் அப்பா."

"ம்."

அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் தூரம் கூடிக்கொண்டே போனது. பிறகு அடுத்தது வரவில்லை.

மாமி "அண்ணை" என்று வீறிட்டாள். தாதி வந்து மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்தினாள். அம்மா அவருடைய பாதங்களைப் போர்வையால் மூடிவிட்டு, மரத்துப்போன தன் விரல்களை உதறிக்கொண்டாள்.

மேலே மாமி தொலைபேசியில் ஒவ்வொரு வீடாக எடுத்து அழத் தொடங்கியதும், சுபாங்கி அம்மாவைக் காற்றுப்பட வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் பஸ் தரிப்பின் வாங்கில் உட்கார்ந்தார்கள். அம்மா குளிர்ச்சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"உள்ளுக்கை என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"எங்கை அம்மா?"

"அந்தத் தூணுகளுக்குப் பின்னாலை."

"ஒண்டுமில்லை. வெறும் அறை. நல்ல குளிர்ச்சியா இருந்தது."

"சாமி, சிலை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

"அதுவும் நல்லதுதான்," என்றாள் அம்மா.

லோரன்ஸ் வீதி பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. சாரதி அவர்களைப் பார்த்தான். அம்மா இல்லையென்று தலையசைத்தாள். கதவு மூடி, பஸ் நகர்ந்தது. அவள் குனிந்து சப்பாத்துகளைக் கழற்றி வாங்குக்குக் கீழே தள்ளிவிட்டு, வெயில் காய்கிறவளைப் போல இரண்டு கால்களையும் முன்னால் நீட்டினாள்.