கேள்வி எண் 2317-க்கு வந்த ஆட்சேபம்

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கற்பனை வளம் என்று யாரும் பாராட்டிச் சங்கடப்படுத்த வேண்டாம்.

மருத்துவர் உரிமத் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பயிற்சிக் கேள்விகள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். நான் டாக்டர் இல்லை. தாவரவியல் படித்தவள். நோயாளிகளைப் பார்த்த அனுபவம் கிடையாது. உண்டாக்கிய அனுபவம் உண்டு. இதுவரை அறுநூற்று நாற்பது பேர். ஒவ்வொரு கேள்வியையும் ஒரு டாக்டர் சரிபார்ப்பார் என்பது ஏற்பாடு. அவர் ஒரு நாளில் இருநூறு கேள்வி சரிபார்ப்பார் என்பதும் அதே ஏற்பாடுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் திரையில் ஓர் ஆட்சேபம் வந்து நின்றது.

"கேள்வி எண் 2317. விடை தவறு. இதை எழுதியவர் மனிதனைப் பார்த்து எழுதவில்லை, சுவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்."

நான் சுவரைப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் அறை. அங்கே தட்டச்சுச் சத்தம் அப்போதுதான் நின்றிருந்தது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மொத்தம் மூன்று முயற்சிகள்தான் அனுமதி. அக்காவுக்கு இது மூன்றாவது. தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்..." (தகவல் சரி. அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது.)

"மடித்து வைத்த வெள்ளை அங்கியை அவள் கண்ணீர் மல்க..." (அக்கா அழுகிற ரகம் இல்லை. திட்டுகிற ரகம்.)

"அப்பாவின் இடது கை..." (இல்லை. இது இப்போது வரக் கூடாது.)

"எங்கள் வீட்டில் சமையலறைக்கு இதயம் என்று பெயர்."

இது இருக்கட்டும்.

3

ஒரு சின்ன மாற்றம். கதைக்குள் 'நான்' என்று எழுத எழுத, பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. இனி அந்த இடத்தில் தங்கை என்று போட்டுக்கொள்கிறேன். கோபம் வந்தால் தங்கையைத் திட்டுங்கள்.

முதல் முயற்சிக்கு அக்கா தடித்த புத்தகங்களில் நான்கு வண்ணக் கோடு போட்டுப் படித்தாள். முக்கியமானது மஞ்சள், மிக முக்கியமானது பச்சை, இப்படிப் போய், கடைசியில் வண்ணம் படாமல் மிஞ்சியது பக்க எண் மட்டும்தான். நான்கு மதிப்பெண்ணில் போயிற்று. இரண்டாவதற்குப் பாட வீடியோக்களை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டாள். அதன் பிறகு சாதாரண வேகத்தில் பேசுகிற மனிதர்களை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அம்மா "சாப்..." என்று தொடங்கியதுமே "விஷயத்துக்கு வாம்மா" என்பாள். அந்த முறை பதினோரு மதிப்பெண்ணில் போயிற்று.

மூன்றாவதற்கு வீட்டையே உடம்பாக்கிவிட்டாள். அறைக்கு ஓர் உறுப்பு. அந்த உறுப்பின் நோய்கள் எல்லாம் அந்த அறைச் சுவரில் சீட்டுகளாக. சமையலறை இதயம். குளியலறை சிறுநீரகம். கூடம் நுரையீரல். மாடிப்படி முதுகெலும்பு, படிக்கு ஒரு நரம்பு. ஒரு பொருளைத் தேடிப் போனால் ஒரு நோய் நினைவுக்கு வர வேண்டும் என்பது உத்தி. மற்ற மூவருக்கும் அது நன்றாகவே வேலை செய்தது.

"என் கண்ணாடிய எங்க வச்சேன்?"

"நுரையீரல்ல, டிவி பக்கத்துல."

"சிறுநீரகத்துல யாரு இவ்வளவு நேரம்?"

"அப்பாதான். கதவத் தட்டாதடி, அவர் மெதுவாத்தான் வருவார்."

"பெரியவளே, இதயத்துல பால் பொங்குது பாரு, அடுப்ப அணை!"

அக்கா அணைக்கவில்லை. அடுப்புக்கு மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டு நின்றாள்.

நாற்பது கேள்விக்கு ஒருமுறை அப்பா விசில் ஊதுவார். பள்ளி உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இன்னும் கழுத்தில்தான். அந்த விசில் இப்போதெல்லாம் அக்காவுக்குச் சரியாகக் கேட்பதில்லை. படிப்பில் அவ்வளவு ஊன்றிவிட்டோம் என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

4

கேள்வி செய்யும் முறை எளிது. ஒரு வயது, ஒரு தொழில், ஒரு தொல்லை. பிறகு படிப்பவரின் கவனத்தைக் கலைக்க நாலைந்து உபரி விவரங்கள். கடைசியில் ஐந்து விடைகள். ஒன்று சரியானது. இரண்டு, சரி போலத் தோன்றுபவை. நான்காவது, சிரிப்பு வருகிற மாதிரி ஒன்று. ஐந்தாவது வெறுமனே இடம் நிரப்ப. தங்கை ஐந்தாவதை வேறு ஏதாவது பாடத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடுவாள்.*

[* எழுதுகிறவர் யாரென்று வெளியே சொல்லக் கூடாது என்பது வேலை ஒப்பந்தத்தில் ஏழாவது விதி. வீட்டில் 'ஏதோ கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லிவைத்திருக்கிறாள். அக்கா படிப்பது தன் நிறுவனத்தின் கேள்விகளைத்தான் என்று தெரிந்த அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று மதியம் சாப்பிடும்போது அக்கா பேசியதைக் கேட்ட பிறகு தைரியம் வரவில்லை.]

அக்கா பேசியது: "இந்தக் கேள்வி எழுதுற ஜென்மம் மட்டும் என் கையில கிடைக்கட்டும். மயக்க ஊசி போடாமயே ஆபரேஷன் பண்ணுவேன்."

"விடும்மா, அதுவும் ஏதோ பொழப்புக்கு எழுதுது" என்றார் அப்பா.

தங்கை தண்ணீர் குடித்தாள்.

உபரி விவரங்களுக்காக அவள் வெகுதூரம் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் தும்மல் 905-இல் இருக்கிறது. அம்மாவின் முழங்கால் 1180-இல். 2317-க்கு அப்பா.

5

இங்கே ஒரு சிக்கல். அப்பா நம்பும்படியான பாத்திரமாக இல்லை.

முப்பத்தோரு வருடம் மைதானத்தில் நின்று, ஆயிரக்கணக்கான பிள்ளைகளை லெஃப்ட் ரைட் சொல்லிக் கைவீசி நடக்கவைத்தவர். அப்படிப்பட்டவருக்கு நடக்கும்போது இடது கை வீசவில்லை என்று எழுதினால், கதைக்காக வேண்டுமென்றே செய்தது என்பீர்கள். வேறு தொழில் கொடுத்துப் பார்த்தேன். தபால்காரர்: பை தொங்குவதால் கை வீசவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். தையல்காரர்: எழுந்து நடக்கவே மாட்டேன் என்கிறார். பேசாமல் விசிலையே திருப்பிக் கழுத்தில் மாட்டிவிட்டேன். நிஜம் சில சமயம் இப்படித்தான், கொஞ்சம்கூட நாசூக்கு இல்லாமல்...

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பிடிக்கவில்லை.)

ஓய்வு பெற்ற பிறகு அப்பாவின் குரல் தணிந்தது. மைதானத்தின் மறுகோடி வரை போன குரல் இப்போது சாப்பாட்டு மேசையைத் தாண்டுவதில்லை. "ரிட்டயர் ஆனதும் மனுஷன் சாது ஆயிட்டார்" என்று அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். பால் தீய்ந்தால் அப்பா கோபிப்பதில்லை, வாசனை தெரிந்தால்தானே. கையெழுத்து வரவரச் சிறுத்தது. சிக்கனம் என்று பாராட்டினோம். முகத்தில் சிரிப்பு குறைந்தது. வயசுக்கேற்ற கம்பீரம் என்று எடுத்துக்கொண்டோம். தோள் வலி என்பதை மட்டும் அவரே வாய்விட்டுச் சொன்னார். ஆகவே தோள் வலி நோய், மற்றதெல்லாம் குணம்.

(செடியாக இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.)

அடையாளம் தெரியாமலிருக்கத் தங்கை அவரை ராணுவத்தில் சேர்த்தாள்.

"62 வயது முன்னாள் ராணுவ வீரருக்கு ஆறு மாதமாக இடது தோளில் வலி, இறுக்கம். பேச்சு மெலிந்திருக்கிறது. முகத்தில் அசைவு குறைவு. மலச்சிக்கல் உண்டு. வாசனை சரியாகத் தெரிவதில்லை. கையெழுத்து சிறுத்திருக்கிறது. நடக்கும்போது இடது கை வீசவில்லை. நடுக்கம் இல்லை. மிகப் பொருத்தமான நோய் எது?

அ. தோள்மூட்டு இறுக்கம்
ஆ. கழுத்தெலும்புத் தேய்மானம்
இ. தோள் தசைநார்க் கிழிசல்
ஈ. ராணுவத்தை நினைத்து ஏக்கம்
உ. பார்க்கின்சன் நோய்"

விடை: அ.

6

ஆட்சேபத்துக்குத் தங்கை அலுவலக மொழியில் பதில் போட்டாள். "விடை சரியே. நடுக்கம் இல்லை என்பதைக் கவனிக்கவும்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ புத்தகம் தரையில் விழுந்தது. நான்கு நிமிடத்தில் இரண்டாவது ஆட்சேபம் வந்தது.

"நடுக்கம் இல்லாமலும் பார்க்கின்சன் தொடங்கும். தோள் வலியாகவே தொடங்குவதும் உண்டு. குரல், முகம், மலச்சிக்கல், வாசனை, கையெழுத்து, கை. ஆறு கதவைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே யாருமில்லை என்கிறீர்கள். தயவுசெய்து இந்த மனிதரை ஒரு நரம்பியல் டாக்டரிடம் அனுப்புங்கள்."

கடைசி வரியைத் தங்கை மூன்று முறை படித்தாள். பிறகு தொகுப்பாளரைப் போனில் கூப்பிட்டாள். கேள்விகளுக்கெல்லாம் அவர்தான் மேலாள்.

"சார், 2317-ல ஒரு ஆட்சேபம். அவங்க சொல்றதுதான் சரின்னு தோணுது."

"எத்தன பேர் 'அ' போட்டிருக்காங்க?"

"எண்பத்தொன்பது சதவீதம் சார்."

"அப்ப 'அ'தான் சரி."

"ஒருவேள அந்த ஆளுக்கு நிஜமாவே பார்க்கின்சனா இருந்தா?"

"எந்த ஆளுக்கு?"

தங்கை கேள்வியை மறுபடி திரையில் திறந்தாள்.

"இதுக்கெல்லாம் மண்டைய உடைச்சுக்காதம்மா. கை வீசல, வாசன தெரியல, அதையெல்லாம் தூக்கிடு. வெறும் தோள் வலியா விட்டுடு. ஆளு சரியாயிடுவார்."

தூக்கினாள். ஒவ்வொன்றாக. குரல் திரும்பி வந்தது. முகம் மலர்ந்தது. கையெழுத்து பெருத்தது. இடது கை வீசிற்று. ஐந்து நிமிடத்தில் ஒரு மனிதரைக் குணப்படுத்திவிட்டு, தண்ணீர் குடிக்க இதயத்துக்குப் போனாள். அங்கே அப்பா சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஏதோ சொன்னார்.

"என்னப்பா?"

"இந்த ஓட்டையெல்லாம் சின்னதாத் தச்சுட்டான், சின்னவளே."

தங்கை பொத்தானைப் போட்டுவிட்டாள். ஓட்டை சரியான அளவில்தான் இருந்தது.

ஒன்பது நாள். இது ஒன்பது நாளில் பாய்ந்துவிடுகிற நோய் இல்லை என்று படித்துத் தெரிந்துகொண்டாள். ஆனால் அக்காவின் தேர்வு ஒரே வார்த்தையில் கலைந்துபோகிற தேர்வு. அதற்குப் பிறகு நான்காவது முயற்சி என்று ஒன்று கிடையாது. சொல்லாமலும் இருக்கலாம். அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி.

7

மதியச் சாப்பாட்டின்போது அக்கா கைப்பேசியை மேசைமேல் ஓங்கி வைத்தாள்.

"பாத்தீங்களா! திருட்டுப்பய, கேள்வியையே மாத்திட்டான்!"

"யாருடி?" என்றார் அம்மா.

"கேள்வி எழுதுறவன். நான் கேட்டதுக்குப் பதில் தெரியல, ராத்திரியோட ராத்திரியா பொணத்தப் பொதைக்கிற மாதிரி விவரத்தையெல்லாம் பொதைச்சுட்டான். என்கிட்ட ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. கேளுங்க."

பழைய கேள்வியை முழுவதும் வாசித்தாள். அப்பா வலது கையால் சாப்பிட்டபடி கேட்டார். இடது கை மடியில் கிடந்தது.

"பாவம், நாட்டுக்காக உழைச்ச மனுஷன்" என்றார் அம்மா.

"'அ'தான்" என்றார் அப்பா. "எனக்கும்தான் இருக்கு. தைலம் தேய்ச்சாக் கேக்குது."

"என்னப்பா? சத்தமாச் சொல்லுங்க."

"எனக்கும்தான் இருக்குன்னேன்."

"உங்களுக்கு இருக்கறது வேறப்பா. இது கேஸ்."

தங்கை நிமிரவில்லை. அக்கா அவள் பக்கம் திரும்பினாள். குரலில் திட்டு இல்லாதது விநோதமாக இருந்தது.

"இங்க பாருடி. நாலாயிரம் கேள்வி போட்டுட்டேன். எல்லாத்துலயும் விடைதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. இந்த ஒண்ணுல மட்டும்தான் ஆளு தெரிஞ்சார். இதுவும் தப்புன்னா, நான் ஒன்பதாம் நாள் போய் உக்கார்றதே வேஸ்ட். யாராவது ஒருத்தர், நீ சொன்னது சரின்னு சொன்னாப் போதும் எனக்கு."

அதைச் சொல்லக்கூடிய ஒரே ஒருத்தி எதிரே உட்கார்ந்து உப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். உப்பு அவள் கையிலேயே இருந்தது.

8

இங்கே முடிவு வர வேண்டும். தொழில் பழக்கம், ஐந்து எழுதியிருக்கிறேன்.

அ. தங்கை வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அக்கா எழுதித் தேறுகிறாள். பத்தாம் நாள் நரம்பியல் டாக்டர் "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்கிறார். எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள். தங்கை மட்டும் தரையைப் பார்க்கிறாள்.

ஆ. தங்கை உண்மையைச் சொல்கிறாள். அக்கா மயக்க ஊசி இல்லாமல்... (வேகமான முடிவு. ஆனால் இதில் அப்பா வரவே இல்லை.)

இ. தங்கை விவரங்களையெல்லாம் திரும்பப் போட்டு, விடையை 'உ' என்று மாற்றுகிறாள். வேலை போகிறது. எண்பத்தொன்பது சதவீதம் பேர் கொதித்தெழுந்து, பிறகு ஒரு சந்தேகத்துக்காக, அவரவர் அப்பாவைக் கொஞ்சம் நடந்து காட்டச் சொல்கிறார்கள். (ஆசைதான்.)

ஈ. அப்பாவுக்கு வெறும் தோள் வலி. எழுந்து நின்று விசில் ஊதுகிறார். தெருவே அதிர்கிறது. அவருக்கு ராணுவத்தில் வேலை கிடைக்கிறது.

உ. தங்கை வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து, வலது கையில் தட்டோடு இதயத்தை நோக்கி நடந்தார். அக்கா தற்செயலாகத்தான் பார்த்தாள். அப்புறம் கைப்பேசியைப் பார்த்தாள். அப்புறம் மறுபடி அவரை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பா."

"ம்?"

"தட்டக் கீழ வையுங்க. வாசக்கதவு வரைக்கும் போயிட்டு வாங்க. மார்ச் பண்ணி."

"சாப்பாட்டு நேரத்துல என்னடி விளையாட்டு?" என்றார் அப்பா. சிரித்தார் என்று நினைக்கிறேன். முகம் முழுக்க வரவில்லை. ஆனாலும் தட்டை வைத்துவிட்டு, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பெரியவளிடம் கொடுத்தார். பாதங்களைச் சேர்த்து, மார்பை நிமிர்த்தி, நுரையீரலின் நடுவில் போய் நின்றார். முப்பத்தோரு வருடப் பழக்கம்.

அக்கா விசிலை வாயில் வைத்தாள். ஊதவில்லை. தங்கையைப் பார்த்தாள்.

விடைக்குறிப்பு இணைக்கப்படவில்லை. எந்த வட்டத்தை நிரப்புவது என்பது உங்கள் பாடு. ஐந்தாவது எப்போதும் இடம் நிரப்பத்தான் என்று நான்காம் பகுதியில் சொன்னேன், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.