ஜூன் மாத மூப்பு

ஆலையில் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே எவள் பட்டம் வாங்கினாலும் டாக்டர்தான். மேல்மாடியில் சொன்னால் அது மரியாதை. கீழே மீன் அடைக்கிற எர்மீனியா அக்கா சொன்னால் அது குத்தல், அதில் உப்புத் தொட்டியைவிட உப்பு அதிகம்.

லிஸ்பனுக்கு வடக்கே, பெனிஷ் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற மத்தி ஆலை எங்களுடையது. எங்களுடையது என்றால் முதலாளியம்மா தோனா ஒட்டீலியாவுடையது. இருபத்தேழு வருடமாக அதில் மீனை டப்பாவில் அடைக்கிறவள் என் அம்மா தியோலிந்தா. எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். போய்விட்டு அதே ஆலைக்கே வந்து, அம்மாவின் தலைக்கு நேர் மேலே இருக்கும் அலுவலக அறையில் ஆறு மாத ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருந்தேன். செப்டம்பர் கடைசியோடு அந்த ஒப்பந்தம் முடிகிறது.

திங்கட்கிழமை காலையில் மேலாளர் பெர்னார்டோ கூப்பிட்டார். எஞ்சினியர். லிஸ்பன்காரர். சட்டையில் மீன் வாடை அடிக்காமல் இருக்க மீன் கூடத்தைத் தவிர்த்து இரண்டு கதவு சுற்றி வருகிறவர்.

"லிடியா, ஒரே ஒரு பக்கம். பயிற்சிக்கு முழுச் செலவு என்னனு எழுது. வெள்ளிக்கிழமை தோனா ஒட்டீலியா கையெழுத்துப் போடணும்."

"என்ன பயிற்சி சார்?"

"உற்சாகப் பயிற்சி. ரெண்டு நாள். கடலோர ஹோட்டல்ல. நம்ம பழைய ஆளுங்க பதினாறு பேருக்கு வேகம் குறைஞ்சிருச்சு, வயசாகுதுல்ல? புதுசா வந்த எட்டுப் பேரைப் பாரு, மூணாம் நாளே முப்பத்தெட்டுத் தட்டு! அவங்களுக்கு எதுக்கு மூணு வாரம் பக்கத்துல ஆள் நின்னு சொல்லிக் குடுக்கணும்? அடுத்த திங்கள்லேருந்து தனியா நிக்கட்டும். முப்பத்தஞ்சுக்குக் கீழ போனா வீட்டுக்குப் போகட்டும்."

நான் மறுத்துப் பேசவில்லை. காரணம், கர்வம். பதினெட்டு வயதுக் கோடையில் நானும் இதே ஆலையில் அடைத்தேன். மூன்றாம் நாள் முப்பத்தெட்டுத் தட்டு. ஒரு தட்டுக்கு இருபத்தைந்து டப்பா. பல்கலைக்கழகத்தில் பணக்காரப் பிள்ளைகள் யாராவது என்னை மட்டமாகப் பார்த்தால் இந்த எண்ணை எடுத்து அவர்கள் மூஞ்சியில் அடிப்பேன். எனக்கு மூன்று நாள் போதுமென்றால் மற்றவர்களுக்கும் போதும் என்றுதான் நினைத்தேன்.

சரி என்று எழுத உட்கார்ந்தேன். பயிற்சியாளர் கூலி, ஹோட்டல், சாப்பாடு, பேருந்து. அப்புறம், கைதேர்ந்த பதினாறு பேர் இரண்டு நாள் மேசையில் இல்லையென்றால் வந்த மீன் என்ன ஆகும் என்று ஒரு வரி. பெர்னார்டோ அதைச் சிவப்புப் பேனாவால் அடித்தார்.

"சம்பளம் எப்படியும் குடுக்கத்தானே போறோம்? இது எப்படிச் செலவாகும்?"

"சம்பளம் குடுப்பீங்க சார். மீனை யாரு அடைப்பா?"

"உனக்கு வாய் ஜாஸ்தி" என்றார். அது பலர் சொன்னதுதான்.

அடித்த வரியை நியாயப்படுத்தத்தான் நாலு வருடத் தட்டுக் கணக்கை வெளியே எடுத்தேன். பழைய ஆட்கள் நிஜமாகவே தளர்ந்துவிட்டார்களா என்று பார்க்கலாம் என்று. பார்த்தால், ஒவ்வொரு ஜூன் மாதமும் அம்மா நாற்பத்து மூன்று தட்டிலிருந்து முப்பத்தொன்றுக்கு விழுகிறாள். மெல்ல மெல்ல ஏறி ஜூலையில் மறுபடி நாற்பத்து மூன்று. செப்டம்பரில் திரும்பவும் விழுகிறாள். எர்மீனியா அக்காவும் அப்படியே. என் அம்மாவுக்கு வருடத்தில் இரண்டு தடவை, மூன்று மூன்று வாரம் வயதாகிறது. அப்புறம் இளமை திரும்புகிறது. எந்த ஊர் மூப்பு இது?

புது ஆட்கள் வருவது ஜூனிலும் செப்டம்பரிலும்தான்.

தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். நீள மேசையில் அம்மாவுக்கும் எர்மீனியா அக்காவுக்கும் நடுவே, புது எட்டுப் பேரில் ஒருத்தியான நில்சா நின்றிருந்தாள். கேப் வெர்டித் தீவுகளிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மத்தியின் வாலைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். ஒவ்வொருத்தியும் தட்டு நிறைந்ததும் தன் எண் அச்சடித்த சீட்டை அதில் போட வேண்டும். நில்சாவின் எண் எழுபத்து நான்கு. அம்மா தன் தட்டை நிரப்பினாள். மேலங்கிப் பைக்குள் கைவிட்டாள். போட்ட சீட்டு எழுபத்து நான்கு.

"அம்மா!"

"பார்க்காத மாதிரி போடி."

"பார்த்துட்டேனே!"

"அப்ப பார்த்துட்டுப் போ" என்றாள் எர்மீனியா அக்கா. அவள் கையிலும் எழுபத்து நான்குதான். "டாக்டரம்மா கண்ணு நல்லா தெரியுது. படிப்பு வீண் போகல."

"இது எத்தனை வருஷமா நடக்குது?"

"நான் வந்தப்போ எனக்கும் போட்டாங்க" என்றாள் அம்மா. "புதுசா வர்றவளுக்கு ரெண்டு பக்கமும் போடணும். இல்லன்னா முதல் வாரமே துரத்திருவாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டிருக்க வேண்டாம். கேட்டேன்.

"எனக்கும் போட்டீங்களா?"

அம்மா அடுத்த மீனின் வாலை வெட்டினாள்.

"பதினாலு" என்றாள் எர்மீனியா அக்கா.

"என்ன பதினாலு?"

"மூணாம் நாள் நீ அடைச்சது. பாக்கி இருபத்திநாலும் நாங்க ரெண்டு பேரும். அந்தப் பதினாலுலயும் ரெண்டு தட்டுல வாலு வெளிய நீட்டிட்டு எட்டிப் பார்த்துச்சு."

மேசை சிரித்தது. நில்சாகூடச் சிரித்தாள். எனக்கு மீன் தொட்டியில் குதிக்கலாம் போல இருந்தது. ஆறு வருடமாகத் தூக்கித் திரிந்த என் ஒரே கர்வத்தில் பாதிக்கு மேல் அம்மாவின் கை.

"அப்ப அடுத்த திங்கள் நில்சா தனியா நின்னா?"

"பன்னெண்டு வரும். நல்ல நாளா இருந்தா பதிமூணு."

"வீட்டுக்கு அனுப்பிருவார்."

"தெரியும்" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "ஆனா நீ எழுதிராதடி. சீட்டு மாத்தினது தெரிஞ்சா இந்த மேசையே காலி. உன் ஒப்பந்தமும் போயிரும்."

எழுதினால் மேசை போகும். எழுதாவிட்டால் நில்சாவும் இன்னும் ஏழு பேரும் போவார்கள், போதாக்குறைக்கு என் அம்மாவை ஹோட்டலில் உட்காரவைத்து எவனோ ஒருவன் கைதட்டச் சொல்வான். மூன்று நாள் இதையே மென்றேன். வியாழக்கிழமை சாயந்திரம் வழி கிடைத்தது. ஒருத்தியின் பெயரை எழுத எனக்கு உரிமை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை தோனா ஒட்டீலியா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என் பக்கத்தைச் சத்தமாகவே படித்தார்.

"'ஒரு புதியவளைப் பழக்க ஆகும் முழுச் செலவு: மூன்று வாரம், ஏறத்தாழ இருநூற்றுப் பத்துத் தட்டு. இந்தச் செலவை இதுவரை ஆலை கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் தட்டிலிருந்தும், அதனால் போன ஊக்கத்தொகையிலிருந்தும் கொடுத்தார்கள். சான்று: எண் அறுபத்தொன்று. மூன்றாம் நாள் கணக்கில் முப்பத்தெட்டு. உண்மையில் பதினான்கு.' யாரு இந்த அறுபத்தொண்ணு?"

"நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி."

பெர்னார்டோ எழுந்தே விட்டார். "இது மோசடி!"

"ஆமா சார். என் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க. மத்தவங்க பேரைச் சொல்ல மாட்டேன்."

"சொல்லணுமா? உன் பக்கத்துல நின்னது உன் அம்மா—"

"உட்காரு பெர்னார்டோ" என்றார் தோனா ஒட்டீலியா. அவர் கண் காகிதத்தில் இல்லை, ஜன்னலில் இருந்தது. "கல்யாணமாகி வந்த புதுசுல மாமனார் என்னை ஒரு வாரம் கீழ நிக்க வச்சார். முதலாளி வீட்டு மருமகளுக்கு மீன் தெரியணுமாம். மூணாம் நாள் நான் முப்பத்தாறு தட்டு."

பெர்னார்டோ மெல்ல உட்கார்ந்தார்.

"நாப்பது வருஷமா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதைச் சொல்லிட்டிருக்கேன். பேரப்பிள்ளைங்களுக்கு மனப்பாடம்." காகிதத்தைத் திரும்பப் பார்த்தார். "லிடியா, ஒருவேளை..."

"பதினாலு இருக்கும் மேடம்" என்றேன். எனக்குத்தான் வாய் ஜாஸ்தியாச்சே. "நல்ல நாளா இருந்தா."

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்த பெர்னார்டோவிடம் அப்படியே சொன்னார்: "அந்தப் பயிற்சிக்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லிரு. மூணு வாரம் மூணு வாரமாவே இருக்கட்டும். புதுசா வந்தவ அவ அடைச்சதை மட்டும் எழுதட்டும், மூணு வாரம் முடியற வரைக்கும் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சொல்லிக் குடுக்கறவளுக்கு அந்த மூணு வாரம் தட்டு எண்ண வேண்டாம். ஊக்கத்தொகை முழுசா போகட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் ஒப்பந்தம் மாசக் கடைசியோட முடியுதாமே?"

"ஆமா."

"முடியட்டும். புதுசா ஒண்ணு எழுதி எடுத்துட்டு வா. உன்னை வச்சுக்க முழுச் செலவு என்னனு அதுலயும் ஒரு வரி போடு. நான் தயாரா இருக்கணும்ல."

படிகளை இரண்டிரண்டாகத் தாவிக் கீழே ஓடினேன். சொன்னதும் நில்சா எர்மீனியா அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், இரண்டு பேர் கையிலும் எண்ணெய். அம்மா என்னைப் பார்த்தாள். தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

எர்மீனியா அக்கா விடுகிற ஆளா? "எல்லாம் சரி டாக்டரம்மா. எனக்குச் சேர வேண்டிய பன்னெண்டு தட்டு எங்க?"

"இப்பவே தர்றேன்" என்று கத்தரிக்கோலை எடுத்தேன்.

அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு அடைத்தேன். வால் வெளியே நீட்டவில்லை, பார்த்துப் பார்த்து வெட்டினேன். நிமிர்ந்து எண்ணினேன். முக்கால் தட்டு. கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் இரண்டு தட்டு.

"யாரு போட்டது?" என்று கத்தினேன்.

மேசையில் ஒருத்தியும் நிமிரவில்லை. எல்லாரும் மும்முரமாக மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நில்சா உட்பட.