ஐந்தடி வட்டம்

அவசர மணிக் கயிறு தரை வரைக்கும் தொங்க வேண்டும். கீழே விழுந்து கிடப்பவரின் கைக்கு அது எட்டினால்தான் பிரயோஜனம். புதிய அரங்கத்தின் கழிப்பறையில், துடைக்கும்போது நனைகிறதென்று யாரோ அதைச் சுருட்டி மேலே முடிச்சுப் போட்டிருந்தார்கள். அவள் சக்கர நாற்காலியை அருகே உருட்டிப் போய் கையை உயர்த்தி எட்டி முடிச்சை அவிழ்த்துவிட்டு, மடியிலிருந்த நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"டேப் மேடம் கண்ணுல இருந்து ஒண்ணும் தப்பாது," என்றார் மேஸ்திரி. கையில் அளவு டேப் இல்லாமல் அவள் எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழைந்ததில்லை. அதனால் வந்த பெயர்.

நடக்க முடியாதவர்களும் பார்வையில்லாதவர்களும் ஒரு கட்டடத்துக்குள் தடையில்லாமல் போய்வர முடிகிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. இந்த அரங்கத்துக்கு மட்டும் அலுவலகம் அவளை அனுப்பவில்லை. இதை வரைந்தது அவள் கணவன். "திங்கட்கிழமை ஆய்வுக்கு வர்றாங்க. அதுக்கு முன்னாடி நீ ஒரு சுத்து பாத்துடேன்," என்று காலையில் அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்திருந்தான்.

மூன்று வருடமாக அவன் குரல் அடுத்த அறையிலிருந்துதான் வருகிறது.

விபத்துக்குப் பின் அவள் மருத்துவமனையில் கிடந்த நான்கு மாதத்தில் அவன் வீட்டையே மாற்றிவிட்டான். கதவுகளை அகலமாக்கினான். சுவிட்சுகளைக் கீழே இறக்கினான். அடுப்பு மேடைக்கடியில் அவள் முழங்கால் நுழைய இடம் விட்டான். படுக்கையறையில் நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். அதை அறையின் நடுவில் வரைந்தபோது இரட்டைக் கட்டிலுக்கு இடமில்லாமல் போயிற்று. சுவரோரம் அவளுக்கு ஒற்றைக் கட்டில், பிடித்து எழச் சுவரில் ஒரு கம்பி. தனக்கொரு கட்டிலை அடுத்த அறையில் போட்டுக்கொண்டான்.

"இனிமே நீ எதுக்கும் யாரையும் கூப்பிட வேண்டியதில்ல," என்றான், அவள் வீடு திரும்பிய அன்று. அவன் கண் கலங்கியிருந்தது. அவளும் அன்று சந்தோஷமாகத்தான் அழுதாள்.

அவன் சொன்னது அப்படியே பலித்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. தண்ணீர், துண்டு, ஜன்னல் கொக்கி எல்லாம் கைக்கு எட்டின. விளக்கை அணைத்தபின் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவது கேட்கும். தண்ணீர் குடித்தானா என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

இப்போது அவள் பையில் ஒரு கடிதம் இருந்தது. வேறு ஊரில் வேலை. தரைத்தளத்தில் தனி ஆள் தங்கும் வீடும் தருகிறார்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் திரும்பி வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதை அவனிடம் சொல்லத்தான் நான்கு நாளாக வாய் வரவில்லை.

அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் சக்கர நாற்காலிக்கென்று சமதளமாக ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. சாய்தளம் சரி, மேடையும் மறைக்கவில்லை. அவள் அங்கே நாற்காலியை நிறுத்தி இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். இரண்டு பக்கமும் வெறும் சுவர்.

"இங்க பக்கத்துல ஒரு சீட்டும் இல்லையே மேஸ்திரி?"

"சேரோட வர்றவங்களுக்கு நாம எதுக்கு மேடம் சேர் போடணும்?"

"கூட வர்றவங்க?"

மேஸ்திரி இரண்டு படி கீழே இருந்த வரிசையைக் காட்டினார். "அங்க உக்காரலாம். என்ன, வீட்டுல சண்டை போட்டுட்டு வந்த மாதிரி இருக்கும்."

அதற்குள் அவள் கணவன் வரைபடச் சுருளோடு உள்ளே வந்தான். "எப்படி இருக்கு?"

"நீங்க என்கூட நாடகம் பாக்க வந்திருக்கீங்க. போய் உக்காருங்க."

அவன் சிரித்துக்கொண்டே கீழே இறங்கி உட்கார்ந்தான். அவன் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. உச்சியில் முடி கொட்டியிருப்பதை அவள் இன்றுதான் பார்த்தாள். அவள் மெதுவாக ஏதோ சொன்னாள். அவன் கழுத்தைத் திருப்பினான்.

"கேக்கல. சத்தமா சொல்லு."

"எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

அவ்வளவு பெரிய காலி அரங்கத்தில் அது எல்லாப் பக்கமும் போய்த் திரும்பி வந்தது. மேஸ்திரி சாய்தளத்தைப் பார்க்கப் போவதுபோல் வெளியே போய்விட்டார்.

"இதை இப்படியா சொல்றது?" என்றான் அவன்.

"பக்கத்துல இருந்தா மெதுவா சொல்லியிருப்பேன். நீங்க வட்டம் போட்டா அதுக்குள்ள ஒரு ஆளுக்குத்தாங்க இடம் இருக்கு. இங்கயும் சரி, வீட்லயும் சரி."

அவன் சுருளைப் பிரித்தான். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனான்.

அவள் மீதி இருந்த கதவுகளை அளந்து முடித்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் அவளுடைய துணி அலமாரி நின்றது. படுக்கையறையில், அலமாரி இருந்த மூலையையும் சேர்த்து, தரையில் சாக்பீஸால் ஒரு புது வட்டம். அவள் கட்டில் சுவரைவிட்டு மூன்றடி தள்ளியிருந்தது. அவன் தன் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தான். நாற்காலிக்காக அவனே அகலமாக்கிய வாசல். கட்டில் எங்கும் இடிக்காமல் உள்ளே வந்து, அவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பொருந்தியது.

"அலமாரியை நகர்த்தினா போதும்னு மூணு வருஷமா எனக்குத் தோணலையே," என்றான். மூச்சு வாங்கியது.

அவள் வட்டத்துக்குள் நாற்காலியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். எதிலும் படவில்லை.

அவன் தன் கட்டிலில் சாய்ந்தான். முழங்கை சுவரில் இடித்தது. "ஸ்ஸ்... இந்தக் கம்பியை யாரு இங்க வச்சது?"

"பெரிய ஆர்கிடெக்ட் ஒருத்தர்."

அவன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டான். பிறகு அவன் கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான், கேட்கும் தூரத்தில்தான் இருந்தாள்.

"என்ன பதில் எழுதப்போற?"

அவள் பையிலிருந்து டேப்பை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"முதல்ல அந்தக் கம்பியைக் கழட்டி என் பக்கம், கட்டில் சட்டத்துல மாட்டுங்க. நான் இங்கதான எழுந்திரிக்கணும்."