சிவப்புக் கட்டத்துக்குள்ள என்ட தம்பி

இங்கத்த முஸ்லிம்களப் பத்தி அறிக்கை எழுத வெளிநாட்டில இருந்து வந்த இங்கிரிட்டுக்கு மொழிபெயர்த்துக் குடுக்கிற வேலைல சேர்ந்து பதினோராவது நாள், என்ட தம்பி ரிம்ஸான்ட பேரை அவ சிவப்புக் கட்டத்துக்குள்ள எழுதுறதக் கண்டன். அதுவும் எங்க இருந்து? எங்கட வெள்ளவத்தை வீட்டு ஹோல்ல இருந்து, நான் ஊத்திக் குடுத்த தேத்தண்ணியக் குடிச்சிக்கொண்டு!

அன்டைக்கு உம்மாட நாப்பதாம் நாள் கத்தம். மௌலவிமார் வந்து குர்ஆன் ஓதி, மௌத்தான உம்மாக்காக துஆ கேட்டு, வந்த எல்லாருக்கும் சாப்பாடு குடுக்கிற நாள். முஸ்லிம் குடும்பம் ஒன்டை உள்ள இருந்து பாக்கவேணும் என்டு இங்கிரிட் வந்த நாளிலிருந்தே கேட்டா. சரி வாங்க என்டு நான்தான் கூப்பிட்டன். என்ட புத்தி!

அவ கெட்டவ இல்ல. ஆனா இங்க வரமுதலே எங்களப் பத்தி எல்லாம் தெரியும் என்டு நினைச்சுக்கொண்டு வந்தவ. முதல் நாளே என்ட முக்காட்டைப் பாத்து, "உங்கட கணவர் வற்புறுத்துறாரா?" என்டு கேட்டா. "அவருக்கு முக்காடு எது, மேசைத் துணி எது என்டே தெரியாது" என்டன். வீட்டில தமிழ்தான் கதைக்கிறம், அரபு இல்ல என்டதும், நான் போலி முஸ்லிம் மாதிரி ஒரு பார்வை பாத்தா.

அவட கைல ஒரு அட்டவணை. சூஃபி தரீக்கா, நபியவங்களப் புகழ்ந்து ஓதுற மௌலூது, கந்தூரிச் சோறு என்டு இருக்கிறவங்க பச்சை. அதாவது சமாதானமானவங்களாம். இதெல்லாம் மார்க்கத்துல இல்லாதது என்ட தவ்ஹீத், நீளத் தாடி, கரண்டைக்கு மேல கால்சட்டை என்டா சிவப்பு, ஆபத்தானவங்களாம். எங்கட மூத்தவர் ஹஸன் நானா பச்சை. ரிம்ஸான் சிவப்பு. அட்டவணை அவட அறிக்கைல படத்தோட வருமாம்.

ஈஸ்டர் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு பொலிஸ் வந்து ரிம்ஸான்ட வீட்டைச் சோதனை போட்டு, ஒரு அரபுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அவனப் பத்தொன்பது நாள் உள்ள வச்சிருந்தாங்க. ஒன்டும் இல்ல என்டு பிறகு விட்டாங்க. ஆனா மருதானைல அவன் நடத்துற ஃபோன் திருத்துற கடைக்கு ஆக்கள் திரும்பி வர ரெண்டு வருஷம் போச்சு. இன்னொருக்கா அவன்ட மூஞ்சி இப்பிடி ஒரு பேரோட வெளில வந்தா, கடையும் இல்ல, பிள்ளைகளுக்கு ஸ்கூலும் இல்ல.

பொய் சொல்லக்கூடாது, நானாவும் தம்பியும் எந்த நேரமும் சண்டைதான். பெருநாள் பிறைக்குச் சண்டை. உம்மாவ அடக்கின பிறகு கபுறடில நின்டு மௌத்தானவங்களுக்குச் சொல்லிக்குடுக்கிற தல்கீன் ஓதினதுக்கும் சண்டை. அன்டைக்கும் அப்பிடித்தான். ஓதி முடியும்வரை ரிம்ஸான் உள்ள வரவே இல்ல. வெளி கேட் பக்கத்துல நின்டு வந்தவங்கட வாகனங்கள ஒழுங்கா நிப்பாட்டிக்கொண்டு இருந்தான்.

ஹஸன் நானாக்குப் பொறுக்கல்ல. வாசலுக்கு வந்து சத்தம் போட்டார்: "பெத்த உம்மாட கத்தத்துக்கு காவல் வோச்சர் மாதிரி கேட்ல நிக்கிற மகன உலகத்துல கண்டிருக்கா?"

"உம்மாக்கு நான் அஞ்சு நேரமும் துஆ கேக்கிறன் நானா. நபியவங்க செய்யாதத மார்க்கம் என்டு சொல்லாதீங்க!"

இங்கிரிட்ட பேனை ஓடுது. அப்பதான் அவ என்னட்ட சொன்னா: "உங்கட அண்ணாவிட்ட கேளுங்க. தம்பியால ஆபத்து வரும் என்டு அவர் பயப்படுறாரா?"

யா அல்லாஹ்! நானாட முகம் கோவத்துல சிவந்து கிடக்கு. வாய்க்கு வந்தத ஏதாவது சொன்னா அப்பிடியே அறிக்கைல ஏறிடும். கேள்விய மாத்திக் கேட்டா யாருக்குத் தெரியப்போகுது? ஆனாலும் சம்பளம் வாங்குற வேலைக்குத் துரோகம் செய்ய மனம் வரல்ல. அப்பிடியே கேட்டன்.

நானா உள்ள தன்ட அறைக்குப் போனார். ஒரு பிளாஸ்டிக் பையோட வந்து, அதுக்குள்ள இருந்த பழைய புத்தகத்த மேசைல வச்சார். "நிம்றா, இவவுக்குச் சொல்லு. ரிம்ஸான்ட வீட்டில எடுத்த அரபுப் புத்தகம் இதுதான்."

முதல் பக்கத்தத் திறந்தன். பொலிஸ்காரங்களுக்கு வாசிக்க ஏலாத அரபெழுத்துத் தமிழ்ல வாப்பாட கையெழுத்து: 'மகன் ஹஸனுக்கு.' அது மௌலூதுக் கிதாபு. ரிம்ஸான் பதினஞ்சு வருஷமா கூடாது கூடாது என்டு சொல்ற அதே மௌலூது!

"உம்மா அப்ப இவனோட இருந்தா. ஓதுறதுக்கு என்ட கிதாப வாங்கிக்கொண்டு போயிருந்தா" என்டார் நானா. "இது நானாட என்டு ஒரு சொல்லு சொல்லியிருந்தா இவன் அன்டைக்கே வீட்ட வந்திருப்பான். ஹார்ட் ஒப்பரேஷன் செஞ்சு ஒரு மாசம்கூட ஆகாத என்னைக் கொண்டுபோயிருப்பாங்க. பத்தொன்பது நாள் வாயே திறக்கல்ல. கிதாபத் திருப்பித் தந்தப்பதான் எனக்கே தெரியும். வெட்கத்துல இத்தன வருஷமா ஒருத்தருக்கும் சொல்லல்ல. இப்ப சொல்றன். எழுதச் சொல்லு."

அவன் விடுபட்டு வந்த அன்டைக்கு, "உன்ட தாடியும் உன்ட புத்தகமும் எங்களச் சந்தி சிரிக்க வச்சிடுச்சு" என்டு அவனுக்கு ஏசினவ நான். அந்த ஏச்சையும் வாங்கிக்கொண்டு பேசாமத்தானே இருந்தான்! அழுதுகொண்டுதான் மொழிபெயர்த்தன். ஆனா என்ட வாழ்க்கைல அவ்வளவு நெஞ்ச நிமித்தி இங்கிலீஷ் கதைச்சதில்ல.

இங்கிரிட் எழும்பிப் போய் ரிம்ஸானிட்டயே ஏன் சொல்லல்ல என்டு கேட்டா.

"நான் பொய் சொல்லல்ல. உங்கட வீட்டுப் புத்தகமா என்டு கேட்டாங்க, ஓம் என்டன். நானாட வீடும் என்ட வீடுதானே?" என்டான். போதாததுக்கு, "ஆனா மௌலூது ஓதுறது பிழைதான். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்க" என்டான்.

அந்த நேரத்திலயும் விடுறானா பாருங்க! அட்டவணைய வச்சுக்கொண்டு இங்கிரிட் என்னைப் பாத்தா: "அப்ப இவர எந்தப் பக்கத்துல போடுறது?"

"ரெண்டு பக்கத்திலயும் போடாதீங்க. இவன் என்ட தம்பி" என்டன். அவ ரிம்ஸான்ட பேரை வெட்டினா. பிறகு ஹஸன் நானாட பேரையும் வெட்டினா.

சாப்பாடு வச்சாச்சு. எங்கட வழக்கம், ஒரு சஹனச் சுத்தி ஆறு பேர் இருந்து ஒரே தட்டில சாப்பிடுறது. நானாட சஹன்ல அஞ்சு பேர்தான். "ஆள் குறையுது, வாடா" என்டார்.

ரிம்ஸான் வந்தான். வரக்குள்ள கைல கடைச் சோத்துப் பார்சல். கத்தச் சோறு அவன் தின்னமாட்டான். நானாக்குப் பக்கத்துல, புரியாணிச் சஹன் ஓரத்துல, பார்சல விரிச்சுவச்சு, சாப்பிடத் தொடங்க பிஸ்மி சொன்னான்.

நானா குனிஞ்சு பாத்தார். புரியாணிய விட்டுட்டு, தம்பிட பார்சலுக்குள்ள கையப் போட்டு ஒரு பிடி எடுத்தார்.

"என்ட சோறு உனக்கு ஆகாது" என்டார். "உன்ட சோறு எனக்கு ஆகும்."