பெட்டிக்குள் ராகுகாலம்

வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு ஜவ்வாது மலை முழுக்க ராகுகாலம்தான். திட்ட அலுவலர் சக்கரவர்த்திக்கு மலையைப் பற்றிக் கவலையில்லை. மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டியைப் பற்றித்தான் கவலை.

அலுவலகத்தின் இன்டர்நெட்டும், வாசல் கதவுக்கு உள்பக்கம் மாட்டிய விரல்ரேகை மிஷினும் இனி அந்தப் பெட்டி வழியாகத்தான் ஓடும். பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த சென்னை இயக்குநர் வந்து மவுஸை ஒரு தட்டுத் தட்டினால் பெட்டி வேலையைத் தொடங்கும். பதினொன்றரைக்கு அவர் செங்கம் கிளம்ப வேண்டும். ராகுகாலமோ பன்னிரண்டுக்குத்தான் விடும்.

டேட்டா என்ட்ரி பார்க்கும் கிருபாவதி, குத்துவிளக்குத் திரியை நிமிர்த்திக்கொண்டே எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் ஊர் அடிவாரத்தில், கண்ணமங்கலம் பக்கம். ராகுகாலம் பார்க்கும் வழக்கம் அவள் வீட்டில் கிடையாது. பெட்டியை மாட்ட வந்த மரிய அருண் வீட்டிலும் கிடையாது.

"பெட்டிக்கு ஒரு பேர் வெக்கணும் சார்," என்றான் அருண்.

சக்கரவர்த்தி தன் பெயரையும், பட்டங்கள் இரண்டையும், பதவியையும் சொன்னார். பெட்டி ஏற்கவில்லை. பட்டத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்தார். அப்போதும் ஏற்கவில்லை. கடைசியில் ‘ஆபீஸ்1’ என்றதும் சட்டென்று ஏற்றுக்கொண்டது. அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஊரு எது? கொல்கத்தான்னு போட்டுக்கீற?"

"இந்தியாவுக்கே ஒரு டைம்தான் சார். லிஸ்ட்ல அந்தப் பேர்லதான் இருக்கு."

"சரி, இது இன்னா?"

"டைம் சர்வர் சார். அதுகிட்ட கேட்டுகினே இருந்தா பெட்டி கடிகாரம் எப்பவும் கரெக்டா இருக்கும்."

"நம்ம ஆபீஸ் நேரத்த நாம எதுக்குய்யா எவன்கிட்டயோ போய்க் கேக்கணும்?" சக்கரவர்த்தி குரலைத் தாழ்த்தினார். "அத எடுத்துடு. கையால பன்னெண்டு பத்துன்னு போடு."

அருண் கிருபாவதியைப் பார்த்தான். அவள் திரியைப் பார்த்தாள்.

"இப்ப பதினொன்னேகால் சார்."

"நமக்குப் பதினொன்னேகால். பெட்டிக்கு ராகுகாலம் முடிஞ்சிடுச்சி. அதானே ஆரம்பிக்கப் போவுது, நாமளா?"

பெட்டி பன்னிரண்டு பத்துக்கு ஆரம்பித்தது. இயக்குநர் கைதட்டினார், முந்திரிப் பருப்பு இரண்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். நேரத்தைத் திருப்பி வைக்க அருண் உட்கார்ந்தபோது, நல்ல நேரத்தில் தொடங்கியதைக் கலைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் சக்கரவர்த்தி. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி, அதைத் தாளில் எழுதி, உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து, பீரோவில் பூட்டினார். மத்திய அரசின் ரகசியம்கூட அவ்வளவு பத்திரமாக இருந்திருக்காது.

விரல்ரேகை மிஷின் பெட்டியைப் பார்த்துத்தான் நேரம் வைத்துக்கொண்டது. நிரந்தர ஊழியர்கள் வழக்கம்போல நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் மட்டும் விரல் வைக்க வேண்டும் என்பது விதி. அந்த அலுவலகத்தில் காண்ட்ராக்ட் ஆட்கள் என்றால் கிருபாவதி ஒருத்திதான். இத்தனை ஏற்பாடும் அவளுடைய ஒரு விரலுக்காக.

முதல் பஸ் அவளை ஒன்பதே முக்காலுக்கு இறக்கிவிடும். பத்து மணி ஆபீசுக்கு அவள் விரல் வைத்தால், மிஷின் பத்து நாற்பது என்று காட்டிவிட்டு நன்றி சொல்லும். முதல் வாரமே போய்ச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதாம்மா? நீ பாட்டுக்கு வா," என்றார் சக்கரவர்த்தி.

அவருக்குத் தெரியும். சென்னைக்குத் தெரியாது. பெட்டி தினமும் கணக்கை நேரே சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மார்ச்சில் காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரத்தில் ஒரு கடிதம் வந்தது: எண்பத்து மூன்று வேலை நாள், எண்பத்து மூன்று நாளும் தாமதம். இப்படிப்பட்டவரை ஏன் தொடர வேண்டும்?

அவள் கடிதத்தோடு அவர் முன் நின்றாள். வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும்.

"சார், கடிகாரம் தப்புன்னு ரெண்டு வரி எழுதிடுங்க சார்."

"எழுதலாம். ஏன் தப்புன்னு கேப்பாங்க. இயக்குநர் தட்டின நேரத்த நாங்க மாத்தி வெச்சோம்னு எழுதணும். அவரு பொய்யான நேரத்துல தொவக்கினாருன்னு ஆவும். அத எழுதச் சொல்றியா?"

"சாய்ந்தரம் அஞ்சே முக்காலுக்குப் போறேன் சார். அதுல ஆறு நாப்பதுன்னு இருக்கும். அப்ப தினம் ஒரு மணி நேரம் அதிகமா வேல பாத்தேன்னு தானே..."

"காண்ட்ராக்டுக்கு ஓவர்டைம் கெடையாதும்மா. அந்தக் கட்டமே அவங்க பாக்க மாட்டாங்க."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தகப்பன் மாதிரி பேசினார். "ஒண்ணு பண்ணு. தாமதமா வந்தது உண்மைதான், இனிமே வர மாட்டேன், மன்னிக்கணும்னு ஒரு கடிதம் குடு. ‘கடுமையாக எச்சரிக்கப்பட்டார்’னு எழுதி நான் சிபாரிசு பண்றேன். வேல நிக்கும்."

"நான் ஒரு நாள் கூட லேட்டா வரல சார்."

"எனக்குத் தெரியாதாம்மா?"

அவள் அருணுக்குப் போன் செய்தாள். "டைம் சர்வருக்கு ஒரே ஒரு டிக் அக்கா, போட்டா சரியாயிடும்," என்றான். "ஆனா சார் ஒறையப் பிரிச்சாத்தான். நான் வேணும்னா நடந்தத எழுதித் தரட்டுமா?" உடனே அவனே சொன்னான்: "எங்க கம்பெனிக்கு ‘திருப்தியாக இயங்குகிறது’ன்னு சர்டிபிகேட் அவருதான் தரணும்க்கா." அவள் வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

கடிதம் எழுத அரை மணி ஆயிற்று. எண்பத்து மூன்று என்பதை எண்ணிலும் எழுத்திலும் எழுதச் சொன்னார் சக்கரவர்த்தி. எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். ஏழு வருஷத்தில் அந்த அலுவலகத்தில் அவள் எழுதிய முதல் பொய் அதுதான். அதைத்தான் இரண்டு தரம் படித்துப் பார்த்துக் கோப்பில் வைத்தார்கள்.

"இப்பவாவது டைம சரி பண்ணிடலாமா சார்?"

சக்கரவர்த்தி நிஜமாகவே வருத்தப்பட்டார். "இப்ப எப்படிம்மா? சரி பண்ணா நீ எழுதிக் குடுத்தது பொய்யாயிடும். பொய்க் கடிதம் குடுத்தேன்னு அதுக்கு வேற விசாரணை வரும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஏப்ரல் முதல் திங்கட்கிழமை, இருட்டோடு எழுந்து மகளுக்குச் சோறு கட்டி வைத்துவிட்டு, பால் வண்டியில் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து மலையேறினாள். எட்டே முக்காலுக்கு, மிஷின் கணக்கில் ஒன்பது நாற்பதுக்கு, அலுவலக வாசலில் இறங்கியபோது கதவில் பூட்டுத் தொங்கியது. ஒன்பதரைக்குத் திறக்கும் வாட்ச்மேன் ரங்கன், எதிரே குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, இம்மாங் காலைல?"

"லேட்டாயிடுச்சிண்ணா," என்றாள் கிருபாவதி. "சீக்கிரம் தொறங்க."